பத்து எம்.எம். சாக்கெட்

“நாலு மணிக்கு எனக்குக் கல்யாணம் சார்!”

“தெரியும். முதல்ல அந்த சாக்கெட் எங்கேன்னு சொல்லுங்க.”

விமான எஞ்சினுக்குக் கீழே, கை முழுக்க கிரீஸோடு நின்ற மெக்கானிக் பெண்ணுக்கு அழுகை முட்டியது. வேலை முடிந்துவிட்டது. எஞ்சின் மூடியைப் பூட்டி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் விமானம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். இவளும் பதிவு அலுவலகத்துக்குப் பறந்துவிடலாம்.

ஆனால் கருவிப் பலகையில் ஒரு இடம் காலி. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து இடம் ஒதுக்கியிருப்பார்கள். நட்டு கழற்றுகிற பத்து எம்.எம். சாக்கெட்டின் இடத்தில் வெறும் வெள்ளை வட்டம்தான் இருந்தது. கட்டைவிரல் அளவு இரும்புதான். அது எஞ்சினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“கடைசியா எங்க வேலை பார்த்தீங்க?”

“அடிப்பக்கம் சார்.”

“அங்கேர்ந்து திரும்பப் பாருங்க.”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார்!”

“மூணாவது தடவை பாருங்க.”

இன்ஸ்பெக்டருக்கு அந்த விமானக் கொட்டகையில் பெயரே ‘திரும்பப் பாரு’தான். சிரிப்பா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம்.

ஸ்டோர்காரருக்கு மனசு கேட்கவில்லை. நேற்றுவரை லாரி ஷெட்டில் இருந்தவர். இன்றுதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இந்தாம்மா, புது சாக்கெட். பலகையில மாட்டிடறேன், எண்ணிக்கை சரியாயிடும். நீ கிளம்பு. உங்கம்மா பதினோரு தடவை போன் பண்ணிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் அங்க வந்து உக்காந்தாச்சாம்.”

அவள் அதையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. மணி மூன்று இருபது.

“வேணாம்ணே. பலகை நிறைஞ்சிடும். உள்ள கிடக்கிறது உள்ளயேதானே கிடக்கும்?”

சொல்லிவிட்டு மறுபடியும் எஞ்சினுக்குள் தலையை விட்டாள்.

ஸ்டோர்காரர் நேரே இன்ஸ்பெக்டரிடம் போனார். “உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா சார்? அந்த மாப்பிள்ளையை நினைச்சுப் பாருங்க. பாவம், எங்க நின்னு தவிச்சிட்டிருக்காரோ!”

“தவிக்கட்டும். இதுல நூத்தி எண்பது பேர் ஏறப் போறாங்க.”

“அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?”

“போகமாட்டார்.”

“ஆமா, நீங்க ரொம்பக் கண்டீங்க!”

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டார்ச்சோடு எஞ்சினின் மறுபக்கம் போய்க் குனிந்தார். இரண்டு பேரும் குழாய் குழாயாகத் தடவிக்கொண்டு வந்தார்கள்.

“கிடைச்சிடுச்சு!”

அவள் போட்ட கூச்சலில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. இரண்டு எரிபொருள் குழாய்களுக்கு நடுவே, சாக்கெட் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

ஸ்டோர்காரர் கையிலிருந்த புது சாக்கெட்டைச் சத்தமில்லாமல் ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தார். நல்ல காரியம் என்று நினைத்து என்ன செய்யப் பார்த்தோம் என்று அவருக்கே பயமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பலகையை முழுவதும் எண்ணினார். மூடியைப் பூட்டச் சொல்லி, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று நாற்பத்தைந்து.

அவர் பேனாவை மூடக்கூட விடாமல், அவள் அவர் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“வேலை முடிஞ்சுதுல்ல? இனிமே சாராவது கீராவது! ஓடு, போய் வண்டியை எடு. நீ இல்லாம அங்க போய் நான் யாரைக் கட்டிக்கிறது?”