அரிசி அளவு இடம்

ஈரத்துணியை மூன்றாம் முறையாக நனைத்துக் கெண்டியின்மேல் போட்டாள்.

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். கெண்டியில் செதுக்கவேண்டிய கவிதையில் மூன்று வரி வந்துவிட்டது. நாலாவது வரவில்லை.

மண் யாருக்காகவும் காத்திருக்காது. பச்சையாக இருந்தால் எழுத்து குழையும். காய்ந்துவிட்டால் தெறிக்கும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தை அவர் ஜன்னல் வழியே மூங்கிலைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

எரிச்சலாக வந்தது அவளுக்கு.

பெரிய படிப்பாளி. அரசுத் தேர்வில் தேறி, சீனத்தின் மண்பாண்ட ஊரான யீஷிங்குக்கு அதிகாரியாக வந்தவர். வந்த இடத்தில் தேநீர்க் கெண்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர் படம் வரைவார். அவள் ஊதா மண்ணைத் தட்டி உருவாக்குவாள். அவர் கவிதை செதுக்குவார். அடியில் அவருடைய முத்திரை.

ஊரே அதை லூ ஐயா கெண்டி என்றது.

அவள் முத்திரைக்கு இடமில்லை என்றுதான் முதலில் சொன்னார். அழகு கெட்டுவிடுமாம். விடாமல் கேட்டாள். ஒரு மாதம் கழித்து, கைப்பிடிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத மூலையில், அரிசி அளவு இடம் கொடுத்தார்.

அந்த அரிசி அளவுதான் அவளுடையது.

போன வாரம் முடித்து வைத்திருந்த கெண்டிகளைப் பார்க்க வந்தவர், படத்தை விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார். படத்தில் கெண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தது. செய்தவற்றில் எல்லாம் நிமிர்ந்திருந்தது.

சொன்னாள். மூக்கு நுனி வாய் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால் கெண்டி நிறையாது. ஊற்ற ஊற்ற மூக்கு வழியாகக் கொட்டும். அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

அவர் அது மலைச்சரிவின் அழகு என்றார். பழைய ஓவியங்கள் என்றார். செத்துப்போன ஓவியர்கள் பெயரை வரிசையாகச் சொன்னார். அவர்களில் ஒருவராவது தன் கையால் தேநீர் ஊற்றியிருப்பாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தனக்கென்று ஒன்றாவது படத்தில் இருப்பதுபோலவே வேண்டும் என்றார். மாகாண ஆளுநர் வரும்போது அதில்தான் ஊற்றப்போகிறாராம்.

செய்தாள். கோடு பிசகாமல், அவர் வரைந்தபடியே.

அதுதான் இப்போது துணிக்கடியில் இருக்கிறது.

"வந்துடுச்சு" என்றார்.

துணியை விலக்கினாள். கத்தியை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். கை என்னவோ நல்ல கைதான். அதை மறுக்க அவளால் முடியாது. முடித்துவிட்டு, எழுத்து தெரியாத அவளுக்காக நாலாவது வரியை உரக்கப் படித்துக் காட்டினார்.

நிறைந்தும் வழியாதது எதுவோ, அதுவே அறிவு.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கெண்டியைக் கவிழ்த்து அடியில் தன் முத்திரையை அழுத்தினார். பிறகு, என்ன தோன்றியதோ, கைப்பிடியைத் தன் பக்கமிருந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவளுடையதையும் குத்திக்கொள்ளச் சொன்னார்.

"வேண்டாங்க ஐயா. இது முழுக்க உங்க வேலை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளைக்குப் பிறகு இவளுக்கும் அடக்கம் வந்துவிட்டதே என்ற திருப்தி அதில் தெரிந்தது.

அவள் தன் முத்திரையைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆளுநர் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் கேட்டுவைத்துக்கொண்டாள்.