நெகிழ வைத்த விளம்பரம்

மழையில் பஸ்ஸுக்காக நனைந்தபடி நின்றிருந்த அந்த அம்மாவின் அருகே ஒரு புதுக் கார் வந்து நின்றது. உள்ளே கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண் கதவைத் திறந்தாள்.

"டிவி விளம்பரத்துல வர்றவங்கதானே நீங்க? ஏறுங்கம்மா, வீட்டுல விட்டுடறோம்."

"வேண்டாம்மா, பஸ் வந்துடும்."

"இந்தக் கார் கம்பெனி முதலாளியே வீடு தேடி வந்து, உங்க காரோட கோளாறான பிரேக்கை மாத்தித் தர்றேன்னு கும்பிட்டதும் எப்படி அழுதீங்க! அதைப் பார்த்துத்தான் இவர் மனசு மாறி இந்தக் காரையே வாங்கினார்."

ஓட்டி வந்த கணவன் சிரித்தான். "பொய்க் கண்ணீரா இருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்மா."

அந்த அம்மா குழந்தையின் பாதத்தை மெல்லத் தொட்டாள்.

"அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னேனே, அது கேட்டுச்சா?"

"இல்லையே, பாட்டுதான் ஓடுச்சு. என்ன சொன்னீங்க?"

"ஒரு மாசம் முன்னாடியே வந்து மாத்தியிருந்தா, என் புள்ள உயிரோட இருந்திருப்பானேய்யான்னு."