இஸ்திரிச் சட்டையில் ஒரு ரிப்பேர்

"ரிப்பேருக்குப் போறதுக்கு இஸ்திரிச் சட்டை எதுக்கும்மா?" என்று கேட்ட கிரீஷை, "மயிலாப்பூர்டா, மானம் போயிடும்" என்று அம்மா துரத்திவிட்டாள்.

மயிலாப்பூரில் அந்த வீட்டுப் பெண் மதுவந்தி கம்ப்யூட்டரைக் காட்டினாள். "லினக்ஸ். பாஸ்வேர்டை வாங்கிக்கறது. உடனே திரை இருட்டாகி, மறுபடியும் முதல்லேர்ந்து பேரைக் கேக்கறது."

"அஞ்சு நிமிஷ வேலை" என்றான் கிரீஷ். ஆதம்பாக்கத்தில் லினக்ஸ் என்றாலே அவன்தான். அங்கே வேறு யாரிடமும் லினக்ஸ் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மணி நேரம் போயிற்று. அவள் அம்மா கேசரி வைத்தாள், பிறகு பஜ்ஜி வைத்தாள். மதுவந்தி பார்த்துக்கொண்டே இருந்ததில் அவன் காது சூடாகியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மானம் தப்பிவிடும். ஆனால் உள்ளே அவளுடைய ப்ராஜெக்ட் இருக்கிறதாம்.

"மன்னிச்சுக்கோங்கோ. எனக்குத் தெரியலை" என்றான்.

மதுவந்தி கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி தட்டினாள். டெஸ்க்டாப் பளிச்சென்று வந்து நின்றது.

"எப்படி?"

"ஒரு ஃபைலோட பேரை மாத்திக் கெடுத்து வெச்சதே நான்தானே! முன்னாடி வந்த ரெண்டு பேரும் எல்லாத்தையும் அழிச்சுடலாம்னுட்டா. தெரியலைன்னு சொன்னது நீங்க மட்டும்தான்."

கிரீஷ் விழிக்க, அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, மாப்பிள்ளை பார்த்தாச்சு! எனக்குப் பிடிச்சிருக்கு. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

கிரீஷ் அவசர அவசரமாகச் சட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டான்.