குடிகாரர் என்று ஒரு புகார்

"சாவியக் குடுங்கண்ணே. நீங்க குடிச்சிட்டு பஸ் ஓட்டுறதா புகார் வந்திருக்கு" என்றான் சூப்பர்வைசர் புவனேஷ்.

செங் வட்டாரத் தொழிற்சாலைக்குப் பத்தொன்பது வருஷமாக வேலைக்குப் போகும் பெண்களை பஸ்ஸில் ஏற்றிப் போகிறவர் சாமிநாதன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானா? கல்யாண வீட்டுலகூட ஒரு சொட்டு தொட்டதில்ல தம்பி!"

"கண்ணு ரெண்டும் மிளகாப்பழம் மாதிரி இருக்கேண்ணே! புகார்னு வந்துட்டா கம்பெனியோட பேனல் கிளினிக்ல செக் பண்ணியே ஆகணும். டாக்டர் லெட்டர் இல்லாம சாவி கிடையாதுலா."

ஆயர் குரோவில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தார். அவரைவிட அதிகமாகக் குதித்தது மனைவி இந்திராதேவிதான்.

"எந்தப் பாவி சொன்னது? அந்த நாக்கு அழுகிப் போவ! கிளம்புங்க, இப்பவே கிளினிக்குப் போவோம். நீங்க யாருன்னு காட்டுவோம்!"

சோதனையில் குடி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் விடவில்லை. கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டர் வதனா விளக்கினார். "அங்கிள், இது வெறும் கண்நோய் இல்ல. ரத்தத்துல இயோசினோபில்னு ஒரு வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. உங்க இளைப்பு, மூக்கடைப்பு, கண்ணு அழற்சி எல்லாமே அதனாலதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

மூன்று மாசம் மாத்திரை. கண் தெளிந்தது. 'பஸ் ஓட்டலாம்' என்ற கடிதத்தோடு சாமிநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார்.

"இந்தா தம்பி. இப்ப சொல்லு, யாரு அந்த ஆளு? ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

புவனேஷ் புகார்க் கடிதத்தை எடுத்து நீட்டினான். கையெழுத்தைப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் நிறையப் பெண்கள். முன்சீட்டு ஷாந்தினிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அங்கிள், பொய்ப் புகார் குடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஆறு வாரமா கண்ணக் காட்டுங்கன்னு கெஞ்சியும் நான் ஒருநாள் லீவு போடல. குடிக்கிறான்னு சொன்னாத்தான் சாவியப் பிடுங்கி டாக்டர்கிட்ட அனுப்புவாங்கன்னு, மானத்தையும் பாக்காம எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு அங்கிள் அது?"

சாமிநாதன் மீசையை முறுக்கினார். கடைசி சீட்டுவரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் பொண்டாட்டிலா!"