ஐந்தாவது பாட்டின் வரிகள்

ஐந்தாவது பாட்டு வந்ததும், குரலை மட்டும் தனியாகப் போட முடியுமா என்று கேட்டாள் அந்த அம்மா.

ஒலிப்பதிவுக்காரர் கவிராயனைப் பார்த்தார். கவிராயன் தலையாட்டினான்.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே செத்துப்போன பாடகன்தான். அவர்களுடைய டெத் மெட்டல் இசைக்குழுவில் கித்தார் வாசிப்பதோடு பாட்டெழுதுவதும் கவிராயன் தலையில்தான் விழுந்தது. ஊழித்தீ, பிணக்காடு, மண்டையோடு என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதுவான். பாடகன் அதைத் தொண்டைக்குள் போட்டு அரைத்து உறுமலாகத் துப்புவான். கேட்கிறவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. வரிகளை ஆல்பத்தின் அட்டைக்குள் அச்சடித்து வைப்பார்கள், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம் என்று. அப்படி வேண்டியவர்கள் இதுவரை யாரும் வந்ததில்லை.

இன்றைக்குத்தான் ஒருத்தி வந்திருக்கிறாள்.

பாடகனின் அம்மா. மகன் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னும் எழுந்து வரவில்லையே என்று அவன் அறைக்கதவைத் திறந்தவள் அவள்தான். அதிலிருந்து எந்தக் கதவையும் அவள் சாத்த விடுவதில்லை. இந்த அறைக்கதவுக்கும் தன் செருப்பை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். சத்தம் வெளியே போகக் கூடாத அறை. ஆனாலும் ஒலிப்பதிவுக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

"ஒம்பது வருசமா வீட்டுல கத்தினான் தம்பி. என்னடா சொல்றன்னு ஒரு நாள் கேட்டதில்ல. கடைசியா பாடினதையாவது தெரிஞ்சுக்கிறேன்."

கவிராயன் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்திருந்தான். கண்ணாடி இல்லாமலே அவளுக்குத் தெரிய வேண்டும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

டிரம்ஸ் நின்றது. இரண்டு கித்தாரும் நின்றன. உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது.

அதைத் தனியாக யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. பதிவு செய்த அன்றைக்கு ஒலிப்பதிவுக்காரர் சத்தத்தின் அளவு எகிறாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். கவிராயன் பக்கத்து அறையில் அறுந்த தந்தியை மாற்றிக்கொண்டிருந்தான். பாடகன் மட்டும் போகும்போது அந்தக் குரலைத் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்கிப் போனான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

கவிராயன் முதல் வரியில் விரலை வைத்தான். குரல் அந்த வரியில் இல்லை.

இரண்டாவது வரியிலும் இல்லை.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. படுபாவி, மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பாட்டை அப்படியே முழுங்கிவிட்டு, வாய்க்கு வந்ததை உளறி வைத்திருக்கிறானே என்று பல்லைக் கடித்தான்.

பிறகு காது பிடித்துக்கொண்டது. ஒன்பது வருடம் அந்தத் தொண்டைக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். அந்த உறுமலுக்குள் சொல் எங்கே தொடங்கும், மூச்சு எங்கே வாங்கும் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

ஞாயித்துக்கிழமை வாடா கவி. அம்மா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வா. கதவ அம்மா திறக்கக் கூடாது. நீ திற.

பல்லவி வரும் இடமெல்லாம் அதேதான். நான்கு தடவை. நடுவில் வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்று சொன்னான். நாயை யாரிடம் விட வேண்டும் என்று சொன்னான். கடைசித் தடவை அந்த 'வாடா' மட்டும் நீண்டுகொண்டே போய், மூச்சு தீர்ந்து நின்றது.

ஒலிப்பதிவுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "இருக்கறதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு," என்றார். அவருக்கு அது ஏதோ மிருகம் உறுமியது போலத்தான்.

கவிராயனின் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது.

அவள் தாளை மெல்ல இழுத்து, உதட்டை அசைத்து வரிவரியாகப் படித்தாள். ஊழித்தீயே, என் எலும்பில் உலை வை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல அம்மான்னு எங்கயாவது வருதாப்பா? எனக்கு அப்படிக் கேட்ட மாதிரி இருந்துச்சு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கடைசியில் அவன் நினைத்தது உங்களைத்தான் என்று சொல்லலாம். சொன்னால், என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று அடுத்த கேள்வி வரும்.

"இல்லம்மா."

"அது சரி. எனக்கு இப்பல்லாம் எதக் கேட்டாலும் அப்படித்தான் கேக்குது."

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நீ நல்லா எழுதியிருக்கப்பா என்று அவன் தோளைத் தட்டினாள். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கவிராயன் கைப்பேசியை எடுத்தான். பாடகனோடு பேசிய பக்கத்தை இந்த ஐந்து வாரமாக அவன் திறக்கவில்லை. துக்கத்தால்தான் திறக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

கடைசிச் செய்திகள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியத்தில் நின்றன.

'அஞ்சாவது பாட்டு. குரல் மட்டும். தனியா உக்காந்து கேளுடா.'

அதன் கீழே கோப்பு. நாலரை நிமிடம். இறக்கிக்கொள்ளச் சொல்லும் அம்புக்குறி, யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே, ஒரு நிமிடம் கழித்து, கவிராயன் போட்ட பதில்: 'கேட்டேன்டா. மிரட்டிட்ட. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது.'

அதற்கும் கீழே பாடகன்: 'அப்ப சரிடா. இனி நிம்மதி.'