பொருந்தவில்லை

“பொருந்தலையாம் அண்ணி!” என்று கொழுந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதபோது, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னமாய் நடிக்கிறான்!

சற்றுமுன்தான் பரிசோதனைக்கூட ஜன்னலில் இருந்த பெண் கோப்பைப் புரட்டியபடி வாய்தவறிச் சொல்லியிருந்தாள். “அண்ணன் தம்பின்னாலும் கிட்னி இவ்வளவு அருமையாப் பொருந்தி நான் பார்த்ததே இல்லம்மா. ஆபரேஷன் எப்போ?”

அந்தப் பூரிப்போடு மாடியேறி வந்தவளிடம், டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே கையை விரித்தார்.

ஆக, கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டான். டாக்டரையும் கையில் போட்டுக்கொண்டான்.

“வீட்டுக்குப் போங்க தம்பி.”

“அண்ணனை ஒரு தடவை பார்த்துட்டு...”

“பார்த்து?”

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அவள் ரத்த வகை சேரவில்லை. தானம் வேண்டிக் காத்திருப்போர் பட்டியலில் அவள் கணவருக்கு முன்னால் இன்னும் அறுபது பேர். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு, இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “ரொம்ப நாள் தள்ள முடியாது” என்று சொன்னதும் இதே டாக்டர்தான்.

டயாலிசிஸ் அறையில் கணவர் குழாய்களோடு படுத்திருந்தார். கால்கள் வீங்கி மினுமினுத்தன.

“தம்பி எங்கே?”

“அனுப்பிட்டேன். இனிமே அவர் நம்ம வாசப்படி மிதிக்கக்கூடாது.”

“என்ன பேசுற நீ?”

“உங்களுக்குத் தெரியாதுங்க. அவர் கிட்னி பொருந்துதாம்! கீழே ஜன்னல்ல சொல்லிட்டாங்க. உயிருக்குப் பயந்து டாக்டரைப் பொய் சொல்ல வெச்சிட்டு, என் முன்னாடி வந்து அழறார்!”

அவர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசு. அவன் காதுல விழுந்துடப்போகுது.”

“விழட்டுமே!”

“பொருந்துதுன்னு அவனுக்குத் தெரியாது.”

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சம்மதம்னு கையெழுத்துப் போடும்போது அவன் கை கிடுகிடுன்னு ஆடிச்சு. கைக்குழந்தைக்காரன். என் முகத்துக்காக, மாட்டேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரலை” என்றார் கணவர். “பொய் சொல்லச் சொல்லி டாக்டர்கிட்டக் கெஞ்சினது நான்தான்.”