ஏழாம் படி

ஏரியிலிருந்து கிளியூர் அருவிப் பக்கம் இறங்கும் ஓடைக்கரையில், புது நடைபாதையின் பதினோரு கற்படிகள் சிமெண்டுக் கலவைக்காகக் காத்திருக்கின்றன. சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே விழும் காலை வெயில் கற்களின்மேல் நடுங்குகிறது. கொத்தனார் சித்தன் ஒவ்வொரு கல்லிலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்பதை என்ஜினீயர் ரூபிக்குக் காட்டுகிறார். மேலே மலர் சும்மாடு வைத்து, விளிம்புவரை நிறைந்த பச்சைக் குடத்தைத் தலையில் ஏற்றுகிறாள். எஸ்டேட் சரிவுகளில் இருபது வருடம் காப்பி மூட்டை சுமந்து இறங்கியவள். அவள் இறங்கிப் பார்க்காத படிக்கு இங்கே கலவை கிடையாது. எதிர்மலையைப் பார்த்தபடியே இறங்குகிறாள். ஆறு படிவரை ஓடையின் சத்தம் மட்டும். ஏழாவதில் கால் சற்றே ஏமாற, தண்ணீர் தளும்பிக் காதோரம் வழிகிறது.

"இது ஒரு வெரக்கடை பள்ளமுங்க."

"மட்டம் சரியாத்தான இருக்குது!" சித்தனின் குரல் உயர்கிறது.

"மட்டம் சரிதானுங்கண்ணா, ஒசரம்தான் பத்தல. வர்றவங்க அருவியப் பாத்துட்டேதான் எறங்குவாங்க. கீழ யாரு பாக்கறா?"

சித்தன் கடப்பாரையால் கல்லை நெம்பி, அடியில் பொடிஜல்லியை இட்டு, மறுபடி பதிக்கிறார். மலர் ஓடையில் குடத்தை நிரப்பி, வெளிப்புறத்தை முந்தானையால் ஒற்றி எடுத்து, மேலேறி மீண்டும் இறங்குகிறாள். ஐந்து. ஆறு. ஏழு. கடைசிப் படியில் குடத்தை இறக்கி வைக்கிறாள். ரூபி குனிந்து அதைச் சுற்றிலும் தடவிப் பார்க்கிறாள், விரலில் ஈரமில்லை. அவள் வாய் திறப்பதற்குள், மலர் மேலே கலவை குழைப்பவர்களைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "கலவையக் கொண்டாங்க!"